ஒட்டுப் போர்வை

எங்கள் ஊர் காயல்பட்டினம். அங்கே ஒன்பது பெண்கள் கூடிப் போர்வை தைக்கிறோம் என்று வெளியூர் உறவினரிடம் சொன்னால் முதலில் சிரித்துவிடுகிறார்கள். ஆண்டின் பெரும்பகுதி வியர்த்துக் கொட்டும் கடற்கரை ஊரில் போர்வைக்கு என்ன வேலை என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆயினும் கார்த்திகை பிறந்து வாடைக்காற்று வீசத் தொடங்கிவிட்டால், மழையின் ஈரம் சுவரில் இறங்கித் தரை சில்லிட்டுப் போகும் அந்த இரண்டு மாதங்களில், எங்கள் வீட்டு முதியவர்கள் போர்வையைத் தேடத்தான் செய்கிறார்கள். பிள்ளை பெற்றவளுக்கும் பிறந்த பிள்ளைக்கும் எந்த மாதமாயினும் வேண்டும். குளிரூட்டும் பெட்டி வந்துவிட்ட வீடுகளிலோ, பேரப்பிள்ளைகள் சித்திரை வெயிலிலும் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு உறங்குகிறார்கள். ஆகவே எங்களுக்கு வேலை இல்லாமற் போன நாள் ஒன்றுமில்லை.

இதை நாங்கள் எங்கிருந்தோ கற்று வந்த கலை என்று எண்ணிவிட வேண்டாம். பழைய நூற்சேலையை நான்காக மடித்து, ஓரம் சுற்றித் தைத்து, நடுவே நான்கைந்து வரிசை ஓட்டுத் தையல் போட்டுப் பிள்ளைக்கு விரிப்பது நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக உள்ள வழக்கம். எங்களில் ஒருவர் தவறாமல் எல்லாரும் அத்தகைய விரிப்பில் கிடந்து வளர்ந்தவர்களே. புதுத்துணி பச்சைப் பிள்ளையின் மேனியை உறுத்தும். நூறு முறை துவைத்த சேலை உறுத்தாது. இந்த உண்மையை அறிந்தவர்கள் நம் உம்மம்மாக்கள். நாங்கள் செய்ததெல்லாம், அந்த விரிப்பின் மேல் முகத்துக்குத் துண்டுத் துணிகளைச் சதுரம் சதுரமாக இணைத்து, அதைப் பெரியவர்கள் போர்த்தும் அளவுக்கு நீட்டியதுதான்.

எங்கள் கூட்டம் இத்தனை ஆண்டு கலையாதிருப்பதற்கு எங்கள் குணநலன் காரணமன்று. ஊர் வழக்கமே காரணம். காயல்பட்டினத்தில் மணமானதும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். பெண் தன் தாய்வீட்டை விட்டுப் போவதில்லை. மகளுக்கென்று வீடு கட்டி வைப்பதும் உண்டு. ஆண்கள் கொழும்பு, ஹாங்காங், சென்னை, வளைகுடா என்று வணிகத்துக்கும் வேலைக்கும் போய் வருவார்கள். பெண்கள் பிறந்த தெருவிலேயே பிள்ளை பெற்று, பேரன் கண்டு, அதே தெருவிலேயே முதுமையடைவார்கள். ஐந்து வயதில் கூடி விளையாடியவர்கள் எழுபது வயதிலும் அடுத்தடுத்த வாசலில் இருக்கிறோம். வீடுகளுக்கு இடையே பெண்கள் நடமாடுவதற்கென்றே விடப்பட்ட முடுக்குகள் இருக்கின்றன. பெருந்தெருவில் கால் வைக்காமலே முடுக்கு வழியாக ஒரு வீட்டின் பின்வாசலிலிருந்து இன்னொரு வீட்டின் பின்வாசலுக்குப் போய்விடலாம். இத்தகைய ஊரில் நட்பை வளர்க்கத் தனி முயற்சி வேண்டியதில்லை. பகையும் அவ்வாறே வளரும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம். கோபித்துக்கொண்டவரின் முகத்தில் நாளைக்கு மூன்று முறை விழிக்க வேண்டியிருக்கும்.

2011ஆம் ஆண்டு எங்களில் ஒருவருடைய மகளுக்குத் தலைப்பிரசவம். விரிப்புத் தைக்க மூன்று பேர் உட்கார்ந்தோம். விரிப்பு முடிந்தது, பேச்சு முடியவில்லை. அடுத்த வியாழக்கிழமையும் கூடினோம். லுஹர் தொழுது, உண்டு, சற்றே கண்ணயர்ந்து எழுந்த பின் தொடங்கி மஃரிபு பாங்கு ஒலிக்கும் வரை தைப்பது, இடையில் அஸர் தொழுது தேயிலை குடிப்பது என்று அதுவே முறையாகிவிட்டது. மூவர் ஒன்பதின்மர் ஆனோம். இன்று எங்களில் மூத்தவருக்கு வயது எழுபத்தொன்பது. இளையவளுக்கு இருபத்து நான்கு.

வேலையின் விவரத்தையும் சிறிது சொல்ல வேண்டும். படித்துவிட்டு ஊசி எடுக்கும் சகோதரி எவரேனும் இருக்கக்கூடும். ஒரு சதுரத்தை ஐந்தரை அங்குலமாக வெட்டினால், நான்கு பக்கமும் கால் அங்குலம் மடிப்புக்குள் போய், ஐந்து அங்குலம் நிற்கும். குறுக்கே பன்னிரண்டு, நெடுக்கே பதினெட்டு, ஆக 216 சதுரம் இருந்தால் அறுபதுக்குத் தொண்ணூறு அங்குலத்தில் ஒருவர் போர்த்தும் போர்வை அமையும். சதுரங்களை முதலில் வரிசையாக இணைத்து, பிறகு வரிசைகளை இணைக்க வேண்டும். நடுவில் ஒரு பழஞ்சேலை, அடியில் இன்னொரு சேலை. மூன்றையும் தரையில் விரித்து, சுருக்கம் நீவி, நீளத் தையல்களால் தற்காலிகமாகப் பிடித்துக்கொண்டு, பிறகு நடுவிலிருந்து ஓரம் நோக்கி ஓட்டுத் தையல் போட்டு வரவேண்டும். ஓரத்திலிருந்து நடுவுக்குப் போனால் நடுவில் துணி குமிழ்ந்து நிற்கும். நூலை மெழுகுவத்தியில் ஒருமுறை உரசிக்கொண்டால் சிக்காது.

எங்களிடம் இரண்டு கண்டிப்பான விதிகள் உண்டு. ஒன்று, நைந்த துணிக்குப் பக்கத்தில் முரட்டுப் புதுத்துணியை வைக்கக் கூடாது. புதியது பழையதை இழுத்துக் கிழித்துவிடும். மற்றது, துவைக்காத துணியைத் தைக்கவே கூடாது. நூல்துணி தண்ணீரில் சுருங்கும், பாலியெஸ்டர் சுருங்காது. துவைக்காமல் இரண்டையும் இணைத்துவிட்டால் முதல் சலவையிலேயே போர்வை தேங்காய்த் துருவல் போல் சுருண்டுவிடும். இந்த இரண்டாம் விதி ஒருநாள் எங்களை எப்படிச் சோதிக்கும் என்பதை அப்போது நாங்கள் அறியவில்லை.

ஒவ்வொருவர் கைக்கும் ஒரு போக்கு. எங்களுள் ஒருவர் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகளின் பழைய சீருடைகளை மட்டுமே சேர்த்துத் தைப்பார். கருநீலம், மெரூன், சாம்பல் என்று அவருடைய போர்வையைப் பார்த்தாலே பாடம் ஒப்பிக்கத் தோன்றும். இன்னொருவர் பூப்போட்ட துணியைத் தொடமாட்டார், வெள்ளையும் வெளிர்மஞ்சளும்தான். இன்னொருவருடைய தையல் ஒவ்வொன்றும் அரை அங்குல நீளம். மீன்வலை பின்னுகிறார் என்று கேலி செய்வோம். இளையவள் சதுரங்களை விட்டு முக்கோணங்களுக்குப் போய்விட்டாள். அவள் கணக்கு எங்களுக்குப் பிடிபடுவதில்லை. மூத்தவருக்கு ஊசிக்காது தெரிவதில்லை. ஆகவே வியாழன்தோறும் இளையவள் பத்து ஊசிகளில் நூல் கோத்து ஒரு துணியில் வரிசையாகக் குத்தி அவர் முன் வைத்துவிடுவாள். பத்தும் தீரும்போது எங்களுக்கும் வீடு திரும்பும் நேரமாகிவிடும்.

ஆண்டுக்கு இரண்டு மூன்று போர்வைகளை ஆதரவற்ற முதியவர்களுக்குக் கொடுத்துவிடுவோம். அதற்கு அடிகோலியவர் மூத்தவர்தாம். அன்னை ஜைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தம் கையால் தோல் பதனிட்டும் தைத்தும் ஈட்டியதை எளியவர்க்கு வழங்கியதையும், நபி (ஸல்) அவர்கள் தம் மனைவியரில் கை நீண்டவரே தம்மை முதலில் வந்து சேர்வார் என்று கூறியபோது ஏனையோர் தத்தம் கைகளை அளந்து பார்த்ததையும், கை நீளம் என்றது கொடையைத்தான் என்று பின்னர் விளங்கியதையும் அவர் ஒருநாள் தைத்துக்கொண்டே சொன்னார். "அப்படியென்றால் என் தையலும் நீளம், கையும் நீளமாகத்தான் இருக்கும், ராத்தா" என்றார் மீன்வலைக்காரர். மூத்தவர் சிரித்த சிரிப்பில் ஊசி கைதவறி விழுந்து, அதைத் தேடவே அன்றைய பொழுது போயிற்று.

சென்னையில் கட்டடக்கலை பயிலும் ஒரு பேத்தி விடுமுறைக்கு வரும்போது படங்கள் நிறைந்த ஒரு தடித்த நூலைக் கொணர்ந்தாள். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஓர் ஆற்று வளைவுக்குள் அடங்கிய ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூரின் கறுப்பினப் பெண்கள் தைத்த போர்வைகள் அதில் இருந்தன. பருத்தித் தோட்டங்களில் அடிமைகளாக இருந்தவர்களின் சந்ததியர் அவர்கள். தோட்ட முதலாளியின் குடும்பப் பெயராகிய பெட்வே என்பதையே இன்றும் பலர் தாங்கியிருக்கிறார்கள். வாக்குரிமை கேட்டு அவர்கள் ஆற்றைக் கடந்து போகத் தொடங்கியபோது, 1962இல் அந்த ஊருக்கான படகுப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. அது மீண்டும் ஓடியது 2006இல். அதே ஆண்டில் அந்தப் போர்வைகளின் படங்கள் அமெரிக்க அஞ்சல் தலைகளில் வெளிவந்தன என்பதை வேடிக்கை என்பதா, வேதனை என்பதா? 2002இல் ஹூஸ்டன் நகர அருங்காட்சியகத்திலும், பின் நியூயார்க்கிலும் அவை சுவரில் தொங்கவிடப்பட்டுப் பெரும் ஓவியங்களுக்கு நிகராகப் பேசப்பட்டன. தைத்தவர்களோ குளிருக்குப் போர்த்தவே தைத்தார்கள்.

நம் நாட்டிலும் அத்தகைய கைகள் உண்டு என்பதை அந்தப் பேத்தியே தேடிச் சொன்னாள். கர்நாடகத்தில் உத்தர கன்னட மாவட்டத்தின் எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு வட்டாரக் காடுகளில் சித்தி மக்கள் வாழ்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். அவர்களில் முஸ்லிம்களும் உண்டு, இந்துக்களும் கிறித்தவர்களும் உண்டு. பெண்கள் தைக்கும் 'கவந்தி' என்னும் போர்வை எல்லாருக்கும் பொது. எங்களைப் போல் சதுரம் அளந்து வெட்டுவதில்லை. கிடைத்த துண்டைக் கிடைத்த வடிவிலேயே, ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருகிறார்கள். எங்கள் 'நடுவிலிருந்து ஓரத்துக்கு' விதி அங்கே செல்லாது! முடிவில் நான்கு மூலைக்கும் மடித்த துணியால் 'பூ' வைக்கிறார்கள். பூ இல்லாத போர்வை ஆடையில்லாத உடம்பு போன்றதாம். மூத்தவருக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. அன்றிலிருந்து எங்கள் போர்வைகளின் மூலைகளிலும் பூ இருக்கிறது.

அந்த அமெரிக்க நூலில் இருந்த ஒரு போர்வைதான் பின்னால் எங்களைப் பற்றிக்கொண்டது. மிசூரி பெட்வே என்னும் பெண்மணி கணவரை இழந்தபின், 1942இல், அவர் வயல்வேலைக்கு உடுத்திய பழந்துணிகளையே எடுத்து, மகளையும் துணைக்கு வைத்துக்கொண்டு தைத்தது. கணவரின் நினைவாக அதைப் போர்த்திக்கொள்ள விரும்பியிருக்கிறார். நீலமும் சாம்பலுமாக வெளுத்துப்போன அந்தப் படத்தை அப்போது நாங்கள் பார்த்தோம், வியந்தோம், பக்கத்தைப் புரட்டிவிட்டோம்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. முடுக்குகளும் அடங்கின. பின்வாசல் கதவுகளைத் தாழிட்டுக்கொண்டு அவரவர் வீட்டில் அவரவர் தைத்தோம். தொலைபேசியில் படம் அனுப்பிக்கொண்டோம். அது கூடித் தைப்பதாகாது.

2021 மே மாதம் எங்களுள் ஒருவரின் கணவர் சென்னையில் இறந்துபோனார். அவருக்கு மண்ணடியில் சிறிய கடை. நோய் கண்டதிலிருந்து பன்னிரண்டே நாள். ஊரடங்கில் இவரால் போக முடியவில்லை. மய்யித்தை ஊருக்குக் கொண்டுவரவும் வழியில்லை. மகனும் இன்னும் மூன்று நான்கு பேரும் உடம்பு முழுதும் மூடிய உடுப்பில் நின்று அங்கேயே நல்லடக்கம் செய்தார்கள். முகம் பார்க்கவில்லை. குளிப்பாட்டிய தண்ணீரின் ஓசை கேட்கவில்லை. நாங்கள் எட்டுப் பேரும் எட்டு வீடுகளில் இருந்தோம். சாவு வீட்டுக்குப் போய் ஒரு மூலையில் உட்கார்ந்து எழுந்து வருவது எவ்வளவு பெரிய காரியம் என்பது, அதைச் செய்ய முடியாதபோதுதான் எங்களுக்கு விளங்கியது.

சில வாரங்கள் கழித்து மகன் வந்தான். கூடவே வாப்பாவின் பெட்டியும் வந்தது. மூன்று சாரம், இரண்டு சட்டை, ஒரு துண்டு, ஒரு தொப்பி, மூக்குக்கண்ணாடி. சாரங்களில் ஒன்று பழுப்புக் கட்டம் போட்டது. அவர் கடைசியாக வீட்டில் உடுத்தியிருந்தது.

நான்கு மாதம் பத்து நாள் இத்தா முடிந்து, அந்த ஆண்டின் இறுதியில் எங்கள் வியாழக்கிழமைகள் மீண்டும் தொடங்கியபோது அவரும் வந்தார். தைக்கவில்லை; எங்களோடு உட்கார்ந்திருந்தார். மூன்றாம் வாரமோ நான்காம் வாரமோ, திடீரென்று அந்த அமெரிக்கப் பெண்மணியின் போர்வையைப் பற்றிக் கேட்டார். படத்தை மீண்டும் எடுத்துப் பார்த்தார். அடுத்த வியாழன் கையில் ஒரு பையோடு வந்தார். பெட்டியில் வந்த துணிகள். "இதில் தைக்க வேண்டும்" என்றார். பழுப்புக் கட்டச் சாரத்தை மடி பிரிக்காமல் மூக்கருகே கொண்டுபோய், பிறகு எங்கள் கண்கள் தம் மீது இருப்பதை உணர்ந்து மடியில் வைத்துக்கொண்டார்.

அவை துவைக்கப்படாத துணிகள் என்பது எங்கள் எல்லாருக்கும் அந்தக் கணத்தில் விளங்கிவிட்டது.

அன்று எங்களுள் எழுந்த வாக்குவாதத்தை மறைப்பதற்கில்லை. அலமாரியில் துவைத்துத் தேய்த்து மடித்துவைத்த சாரங்கள் ஐந்தாறு இருக்குமே, அவற்றில் தைப்போம் என்றார் ஆசிரியை. வேண்டாம், இதில்தான் என்றார் அவர். துவைக்காமல் எப்படி என்று ஒருவர் விதியை நினைவூட்டினார். விதியாவது ஒன்றாவது, மனம் அறிந்து நடக்கக் கூடாதா என்று மற்றொருவர் சினந்தார். இறந்தவரின் ஆடைகளை ஸதகாவாகக் கொடுத்துவிடுவதே நம் வழக்கம். எடுத்து வைத்துக்கொண்டு நித்தம் நித்தம் அழுவது நல்லதன்று என்பது வெள்ளைத் துணிக்காரரின் கருத்து. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் உண்மையைச் சொல்லவும் ஒரு வேளை உண்டு. அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். முடுக்கு வரை ஒருவர் பின்னால் ஓடி அழைத்துவர வேண்டியதாயிற்று.

மூத்தவர் அதுவரை பேசவில்லை. பிறகு அவர் கேட்ட கேள்வி நாங்கள் ஒருவரும் எண்ணிப் பாராதது. "இந்தத் துணி யாருடையது?" என்றார். இறந்தவர் விட்டுச்சென்றது ஒரு நூலாயினும் வாரிசுகளுக்கு உரியது. பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய் இருப்பதால் தாய்க்கு ஆறில் ஒன்று, மிச்சம் மகனுக்கும் மகளுக்கும். பிள்ளைகள் மறுக்கமாட்டார்கள். ஆனால், "உங்கள் மாமியிடம் கேட்டீர்களா?" என்றார்.

கேட்கவில்லை. கேட்கக்கூடிய நிலைமையும் இல்லை. மாமி என்பவர் இறந்தவரின் தாயார். எண்பத்து நான்கு வயது. இரண்டு முடுக்கு தள்ளி மகள் வீட்டில் இருப்பவர். மகனுக்கு நோய் கண்ட செய்தியை மருமகள் முதல் நான்கு நாள் தம்மிடம் மறைத்துவிட்டார் என்பது அவர் மனத்தில் ஆறாத புண். அந்த நாள்களில் முதியவர்களிடம் யார்தான் உடனே சொன்னோம்? எங்கள் வீடுகளிலும் மறைத்தோம். எங்களுக்கு அது பலித்தது, சுகமாகி வந்துவிட்டார்கள், இவருக்குப் பலிக்கவில்லை. அவ்வளவுதான் வேறுபாடு. ஆனால் அந்தத் தாய், "அந்த நாலு நாளில் நான் அவன் குரலைக் கேட்டிருப்பேனே" என்று சொன்னதாகக் காதில் விழுந்தபோது எங்களுக்கு மறுமொழி இருக்கவில்லை. இத்தா முடிந்தும் மருமகள் அந்த வாசலை மிதிக்கவில்லை. மாமியும் ஆள் அனுப்பவில்லை.

ஒரு பழஞ்சாரத்தை வெட்டுவதற்கு எதற்கு இத்தனை சட்டம் என்று மூத்தவரிடம் எங்களில் சிலருக்கு அன்று கோபமே வந்தது. அவர் சட்டத்தைத்தான் எண்ணினாரா, வேறொன்றை எண்ணினாரா என்பதை இன்றுவரை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்து, மருமகளோடு எங்களில் இருவர் போனோம். பையும் கூட வந்தது. மாமி கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். ஸலாம் சொன்னோம், பதில் சொன்னார். தேயிலை வந்தது. வட்டிலப்பம் வந்தது. வானம், மழை, யாருக்குப் பிள்ளை பிறந்தது என்றெல்லாம் பேசினோம். விஷயத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது, "பையில் என்ன?" என்று அவரே கேட்டுவிட்டார்.

மருமகள் எடுத்துக் காட்டினார். போர்வையைப் பற்றிச் சொன்னார். "உங்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது, மாமி. நீங்கள் சம்மதித்தால்தான்" என்றார், அதற்கு மேல் பேச முடியவில்லை. மாமி சாரத்தை வாங்கினார், விரித்தார், முடிச்சுப் போடும் இடம் நைந்திருப்பதை விரலால் தடவிப் பார்த்தார். கண்ணீர் விடுவார் என்று எதிர்பார்த்தோம். அவரோ, "இதை ஏன் இன்னும் துவைக்கவில்லை?" என்றார்.

யாரும் பேசவில்லை. மருமகள் தலையைக் குனிந்துகொண்டார். மாமிக்கு மெல்ல மெல்லத்தான் புரிந்தது. புரிந்தபின் வெகுநேரம் அந்தத் துணியைக் கையிலேயே வைத்திருந்தார். பிறகு, "பிள்ளையில் இவன் துணியைத் துவைத்தது நான்தான். கல்லில் போட்டு அடிக்காதே, மவளே, நூல் இற்றுப்போகும். கையால் கசக்கிப் போடுவோம்" என்றார். 'போடுவோம்' என்றுதான் சொன்னார்.

மறுநாள் காலை அந்த வீட்டுக் கிணற்றடியில் பூந்திக்கொட்டை ஊறவைத்து, அவர் முக்காலியில் அமர்ந்து சொல்லச் சொல்ல, மருமகள் கசக்கினார். நாங்கள் போகவில்லை. போகக் கூடாது என்று மூத்தவர் தடுத்துவிட்டார். இரண்டு சாரமும் இரண்டு சட்டையும் துண்டும் கொடியில் காய்ந்தன என்று பிறகு அறிந்தோம். பழுப்புக் கட்டச் சாரத்தை மட்டும் பாதியாகக் கிழித்து, ஒரு பாதியைத் துவைத்து, மறுபாதியை மருமகளிடமே கொடுத்துவிட்டாராம் மாமி. அந்த மறுபாதி எங்கே இருக்கிறது என்று நாங்கள் கேட்டதில்லை.

வெட்டும் நாளில் புதிய தொல்லை. ஒரு சாரத்தில் கணக்குப்படி நூறு சதுரங்களுக்கு மேல் வரவேண்டும். ஆனால் அணிந்து தேய்ந்த சாரத்தில் உட்காரும் இடமும் முடிச்சு இடமும் போய்விடும். அறுபது தேறினால் மிகுதி. சட்டையில் முதுகுப் பக்கம் மட்டுமே புதிது போல் இருக்கும். கழுத்தும் முழங்கையும் வீண். ஆகவே அலமாரித் துணிகளையும் சேர்த்துத்தான் 216ஐ எட்டினோம். ஒரு சட்டைப் பையில் பேனா மை கசிந்த கறை இருந்தது. இளையவள் அதைத் தள்ளிவைத்தாள். அவர் எடுத்து, முதல் வரிசையில் நெஞ்சுக்கு நேராக வரும்படி வைத்தார். வழக்கத்தைவிட நெருங்கிய தையல் போட வேண்டும் என்று எல்லாரும் முடிவு செய்தோம். மீன்வலைக்காரர் அன்று தைத்த வரிசையைப் பார்த்து நாங்கள் வாயடைத்துப் போனோம். அவருக்கும் குறுந்தையல் வரும் போலிருக்கிறது!

மாமி தமக்கும் ஒன்று வேண்டும் என்று சொல்லியனுப்பினார். பெரியது வேண்டாம், மடியில் போட்டுக்கொள்ள. ஆறுக்கு எட்டு, 48 சதுரத்தில் முப்பதுக்கு நாற்பது அங்குலம். அதையே முதலில் முடித்தோம். அதை வாங்க ஆள் அனுப்பாமல், 2022 தை மாதத்து வியாழன் ஒன்றில், பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு முடுக்கும் நடந்து தாமே வந்துவிட்டார். வந்தவர் எங்கள் தையலைப் புரட்டிப் பார்த்து, மூலைப் பூக்கள் எதற்கு என்று கேட்டு, ஒன்றைத் தாமே வைப்பதாகச் சொல்லி ஊசி கேட்டார். நூல் கோத்த ஊசிகள் தீர்ந்திருந்தன. மருமகள் ஒன்றில் நூல் கோத்து, மெழுகில் உரசி, முடிச்சுப் போட்டு நீட்டினார். வாங்கிக்கொண்டார்.

இருவரும் அதன்பின் மனம்விட்டுப் பேசிக்கொண்டார்கள் என்று எழுத எங்களுக்கும் ஆசைதான். அப்படி ஒன்றும் நிகழவில்லை. அந்த நான்கு நாள்களைப் பற்றி மாமி பேசுவதில்லை, மருமகளும் எடுப்பதில்லை. ஆனால் வியாழன்தோறும் மாமி வந்துவிடுகிறார். ஒன்பது பேருக்குப் பத்துப் பேராயிற்று. தேயிலைக்குப் பனங்கருப்பட்டியும் கூடுதலாகச் செலவாகிறது, அவருக்குச் சீனி ஆகாது. பெரிய போர்வை அந்த ஆண்டு நோன்புக்கு முன் முடிந்தது. ஜசீமுத்தீன் என்னும் வங்கக் கவிஞர் 1929இல் எழுதிய காவியத்தில், கணவனைப் பிரிந்த நாயகி தன் வாழ்க்கையையெல்லாம் ஒரு போர்வையில் பின்னி, அதைத் தன் கபரின் மேல் விரிக்கச் சொல்லிவிட்டு இறந்துபோவாள் என்று ஆசிரியை அன்று சொன்னார். எங்களவர் அதைக் கேட்டுவிட்டு, "இது கபருக்கில்லை, வாடைக்குத்தான்" என்று மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார்.

மாமியின் மடிப்போர்வைதான் எங்களுக்கு வேலை வைத்துக்கொண்டே இருக்கிறது. கை நடுக்கத்தில் தேயிலை சிந்திவிடுகிறார். மாதத்துக்கு இரண்டு முறையேனும் துவைக்க வேண்டியிருக்கிறது. எத்தனை நெருங்கித் தைத்தாலும் பழந்துணி பழந்துணிதானே. அவர் தாமே வைத்த மூலைப் பூ இப்போது பிரிந்து தொங்குகிறது. வரும் வியாழன் அதை மாற்ற வேண்டும். மிச்சத் துண்டுகள் இருந்த டப்பாவைத் திறந்து பார்த்தோம். பழுப்புக் கட்டம் போட்டதில் இன்னும் நான்கு இருக்கின்றன.